8 மில்லிமீட்டர் குறைச்சல்

டோர்ட்முண்ட்,
மார்ச் 22, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அம்மாவும் அப்பத்தாவும் நலம்தானே? மதுரையில் இப்போதே வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்திருக்கும். இங்கே இன்று காலைகூட பால்கனிக் கம்பியில் உறைபனி.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போன வாரம் சொல்லத்தான் ஆரம்பித்தேன். "ரெண்டு மாசமா? தனியாவா?" என்று அம்மா உங்கள் கையிலிருந்து போனைப் பிடுங்கியதும் பேச்சு எங்கெங்கோ போய் என் கல்யாணத்தில் முடிந்தது. அதனால்தான் கடிதம். ரயில்வே கார்டாக இருந்தவர் நீங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையில் பென்சிலோடு உட்கார்ந்து படிப்பீர்கள். பென்சிலுக்கு இதில் வேலை இருக்கிறது.

ஜூன் 15 அன்று ஆய்வேட்டைக் கொடுத்துவிடுவேன். வேலையில் சேர வேண்டியது செப்டம்பர் 1. நடுவில் இருக்கும் இரண்டரை மாதமும் ஊரில் வந்து இரு என்கிறாள் அம்மா. பொங்கலுக்கு மூன்று வாரம் வருகிறேன், அதில் மாற்றமில்லை. இந்தக் கோடையை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள். ஜூன் 18 முதல் ஆகஸ்ட் 17 வரை, முதுகில் ஒரு பை, கையில் ஒரு ரயில் பாஸ், வழியில் நாலு ஊர்த் திருவிழா. இவ்வளவுதான் திட்டம். பணம் அனுப்ப வேண்டாம். பேக்கரியில் சனி ஞாயிறு நின்று சேர்த்தது 3,000 யூரோ இருக்கிறது. பாஸும் இருக்கைக் கட்டணமும் போக மீதியை வகுத்தால் நாளுக்கு 40 யூரோ வருகிறது. தங்குவது ஹாஸ்டலில், பெண்களுக்கு மட்டுமான அறையில். ஒரு அறைக்கு ஆறு கட்டில், எட்டு கட்டில். சமையலறை இருக்கும் ஹாஸ்டலாகப் பார்த்துத்தான் குறித்து வைத்திருக்கிறேன். அம்மாவின் பருப்புப்பொடி ஒன்றே பாதி செலவைக் குறைத்துவிடும்.

திருவிழா எதற்கு, ஊரைப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். போன வருஷம் ஜூனில் ஹம் ஊர் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனேனே, படம்கூட அனுப்பினேன். இலங்கைத் தமிழர்கள் கட்டி, 2002இல் கும்பாபிஷேகம் செய்த கோயில். தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரம் நிற்கிறது. தீர்த்தவாரி நடப்பது சரக்குப் படகு போகும் கால்வாயில். அந்தக் கூட்டத்தில் ஒரு ஜெர்மன் பாட்டி என் கையைத் தொட்டு, "இந்த வடத்தை நானும் பிடிக்கலாமா, தப்பில்லையே?" என்று கேட்டார். இந்த நாட்டில் அதுவரை முன்பின் தெரியாத ஒருவர் தானாக வந்து என்னிடம் பேசியது கிடையாது. டிராமில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள். தேர் அன்று மட்டும் பேச்சு வந்தது. மற்ற ஊர்களில் இப்படி எந்த நாளில் வாய் திறக்கிறார்கள் என்று பார்க்க அன்றிலிருந்து ஆசை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாஸின் பெயர் இன்டர்ரெயில். 1972இல் 21 வயது வரை உள்ளவர்களுக்கென்று தொடங்கியது, இப்போது எல்லா வயதுக்கும் உண்டு. 27 வரை இளைஞர் கட்டணம், எனக்கு அது கிடைக்கும். 33 நாடுகளில் செல்லும். நீங்கள் மதுரையிலிருந்து வந்து வாங்கினால் இதே பாஸுக்கு யூரெயில் என்று பெயர். இங்கே குடியிருக்கிறவர்களுக்குத்தான் இன்டர்ரெயில். நான் எடுப்பது இரண்டு மாதத்துக்குள் ஏதாவது 10 நாள் பயணம் செய்யும் பாஸ். ஒரு நாள் என்றால் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, எத்தனை வண்டி வேண்டுமானாலும் ஏறலாம். இரவு வண்டியில் ஏறினால் ஏறிய நாள் மட்டும்தான் கணக்கு. குடியிருக்கும் நாட்டுக்குள் மட்டும் கட்டுப்பாடு: ஜெர்மனியை விட்டுப் போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள்.

பாஸ் இருந்தால் எல்லா வண்டியிலும் ஏறி உட்கார்ந்துவிடலாம் என்று நானும் நினைத்திருந்தேன். ஜெர்மனி, ஆஸ்திரியாவில் பெரும்பாலும் அப்படித்தான். பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி அதிவேக வண்டிகளில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். சில வண்டிகளில் பாஸ்காரர்களுக்கு என்று கொஞ்சம் இடம்தான் ஒதுக்குகிறார்கள். கோடையில் அது முதலிலேயே தீர்ந்துவிடும். நம் ஊர் தட்கல் மாதிரி பதறாமல் இருக்க, இப்போதே முடிவு செய்தாக வேண்டும்.

இனி உங்களுக்குப் பிடித்த பகுதி. ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாம் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1,435 மி.மீ. உள்ள பாதை. பிரான்ஸின் கடைசி ஸ்டேஷன் ஆந்தாயில் இறங்கி ஆற்றைத் தாண்டினால் ஸ்பெயினின் ஈரூன். அங்கிருந்து பழைய பாதை முழுக்க 1,668 மி.மீ. போர்ச்சுகலிலும் அதே. நம் அகலப் பாதை 1,676. வெறும் 8 மில்லிமீட்டர் குறைச்சல்! இரண்டு வருஷமாக இங்கே வண்டியில் போகும்போதெல்லாம் ஏதோ ஒன்று ஒடுக்கமாகத் தோன்றும், மனப்பிரமை என்று நினைத்துக்கொள்வேன். ஸ்பெயினில் புதிய அதிவேகப் பாதைகளை மட்டும் 1,435இல் போட்டிருக்கிறார்கள். இரண்டிலும் ஓடுவதற்கு அவர்கள் செய்திருக்கும் வேலைதான் அருமை. வண்டி மெதுவாக ஊர்ந்து ஒரு கொட்டகைக்குள் நுழைந்து மறுபக்கம் வருவதற்குள், சக்கரங்கள் அச்சிலேயே நகர்ந்து அகலம் மாறிவிடுகின்றன. பயணிகள் யாரும் இறங்குவதில்லை. நம் மதுரை-போடி லைனை அகலப்படுத்த 2010இல் மூடி 2023இல்தான் முழுவதும் திறந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டேன், சிரிப்பு வந்தது.

முதல் திருவிழா போர்ச்சுகலின் போர்ட்டோவில், ஜூன் 23 இரவு, புனித யோவான் விழா. என் அறைத்தோழியின் சொந்த ஊர், அவள் வீட்டில்தான் பத்து நாள் இருப்பேன் (அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்). அன்று இரவு ஊரே தெருவில் இறங்கி, எதிரில் வருகிறவர் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டுமாம். அடித்தால் கீச்சென்று சத்தம் வரும், வலிக்காது. போலீஸ்காரர் தலையிலும் தட்டலாம். முன்னெல்லாம் நீளத் தண்டுள்ள பூண்டுப் பூவால் தட்டுவார்கள், இப்போதும் கிழவர்கள் அதைத்தான் கொண்டு வருவார்கள் என்கிறாள். வாசலுக்கு வாசல் மத்தி மீன் சுடுவார்கள். விடிய விடிய நடந்து கடற்கரையில் போய் முடியும்.

அவள் போன வருஷம் ஊரிலிருந்து ஒரு செடி கொண்டுவந்தாள். மஞ்ஜெரிக்கு என்று பெயர். கைப்பிடி அளவு தொட்டியில், பந்து மாதிரி உருண்டையாக, சின்னச் சின்னப் பச்சை இலைகள். உச்சியில் ஒரு காகிதப் பூவும், நாலு வரி காதல் பாட்டு எழுதிய சின்னக் கொடியும் குத்தியிருந்தது. நான் நம் பழக்கத்தில் குனிந்து முகரப் போனேன். "மூக்கை வைக்காதே, செடி செத்துவிடும்!" என்று கத்திவிட்டாள். உள்ளங்கையை இலை மேல் லேசாக வைத்து எடுத்து, கையைத்தான் முகர வேண்டுமாம். முகர்ந்தேன். அப்பத்தா வீட்டுக் கொல்லையில் இருந்த திருநீற்றுப்பச்சிலை வாசனை, அச்சு அசலாக. துளசிக் குடும்பம்தானே. போர்ட்டோவில் உங்களுக்காக ஒன்று பார்க்க வேண்டும்: சாவ் பென்ட்டு ஸ்டேஷன். உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்க நீல ஓவிய ஓடுகள், சுமார் 20,000. டிக்கெட் எடுக்க வந்தவர்கள் வண்டியைக் கோட்டை விட்டுவிட்டு நிற்பார்கள் போல.

அடுத்தது ஸ்பெயினின் பம்ப்லோனா. மாடு ஓட்டம் என்றதும் உங்கள் காது நிமிர்ந்திருக்கும், தாத்தா காளை வளர்த்த வீடு ஆயிற்றே. ஜூலை 6 முதல் 14 வரை புனித ஃபெர்மின் விழா. 7ஆம் தேதியிலிருந்து தினமும் காலை 8 மணிக்கு ஆறு காளைகளைத் தெருவில் அவிழ்த்துவிடுவார்கள். 850 மீட்டர் போல தூரம், இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். அலங்காநல்லூரில் திமிலைப் பிடித்துத் தொங்குவோம். இங்கே காளையைத் தொடவே கூடாது, அதற்கு முன்னால் ஓட வேண்டும். 1910க்குப் பிறகு 16 பேர் இறந்திருக்கிறார்கள். ஓடிய காளைகளை அன்று மாலையே அரங்கத்தில் கொன்றுவிடுவார்கள். நம்மூரில் வாடிவாசல் தாண்டிய மாடு வீட்டுக்கு வந்து தவிடு தின்னும். அதனால் நான் ஓட்டத்தைப் பார்க்கவில்லை. மாலையில் சாகப் போகிற மாட்டுக்குக் காலையில் கை தட்ட எனக்கு மனசு வராது. ஜூலை 6 மத்தியானத் தொடக்கத்துக்கு மட்டும் போகிறேன். சரியாக 12 மணிக்கு நகராட்சிக் கட்டட மாடியிலிருந்து ராக்கெட் விடுவார்கள். ஊரே வெள்ளை உடையில் நிற்கும். அதுவரை கையில் பிடித்திருந்த சிவப்புத் துணியை ராக்கெட் வெடித்த பிறகுதான் கழுத்தில் கட்ட வேண்டும். அப்புறம் கூட்டம் "தண்ணீர், தண்ணீர்" என்று கத்த, மாடிகளிலிருந்து வாளி வாளியாக ஊற்றுவார்கள். அழகர் ஆற்றில் இறங்கும்போது தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுவார்களே, நீங்கள் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நனைந்தீர்களே, அதுதான் ஞாபகம் வந்தது. அன்று இரவு அந்த ஊரில் தங்கவில்லை. குடி அதிகம், அறை வாடகையும் பல மடங்கு. பொழுது சாயுமுன் ரயிலேறி வித்தோரியாவுக்கு வந்துவிடுவேன்.

பார்சிலோனாவை வேகமாகக் கடந்துவிடுவேன். ஜூலை மூன்றாவது சனிக்கிழமை வெனிஸ். 1575 முதல் 1577 வரை கொள்ளைநோய் ஊரை வாரிக்கொண்டு போனபோது, நோய் நின்றால் கோயில் கட்டுகிறோம் என்று நேர்ந்துகொண்டார்கள். அம்மை கண்டால் மாரியம்மனுக்கு நேர்வது மாதிரி. அப்படிக் கட்டிய ரெதென்தோரே தேவாலயம் கால்வாய்க்கு அந்தப் பக்கம். விழா நாட்களில் மட்டும் தண்ணீருக்கு மேலே மிதவைப் பாலம் போட்டு, ஊரே நடந்து போகும். ராத்திரி வாணவேடிக்கை. அப்புறம் வியன்னா. அங்கே ஜூலை, ஆகஸ்டில் நகராட்சி மாளிகை முன்னால் பெரிய திரை கட்டி இசை நிகழ்ச்சிகளை இலவசமாகப் போடுகிறார்கள். காசில்லாதவளுக்கு அது போதும்.

கடைசிதான் எனக்கு முதல்: இத்தாலியில் சியெனா, ஆகஸ்ட் 16, பாலியோ குதிரைப் பந்தயம். சின்ன ஊர், 17 பேட்டைகள். நத்தைப் பேட்டை, வாத்துப் பேட்டை, ஆமைப் பேட்டை, ஓநாய்ப் பேட்டை என்று பெயர்கள். குழந்தை பிறந்தால் தேவாலயத்தில் ஒரு ஞானஸ்நானம், பேட்டையின் நீரூற்றில் இன்னொன்று. ஊர் நடுவிலிருக்கும் சதுக்கத்தில் மண் கொட்டி, 10 குதிரைகள் மூன்று சுற்று. ஒன்றரை நிமிஷம்தான். சேணம் கிடையாது. எந்தப் பேட்டைக்கு எந்தக் குதிரை என்பது சீட்டுக் குலுக்கல். ஜாக்கி விழுந்துவிட்டாலும் குதிரை தனியாக ஓடி முதலில் வந்தால் வெற்றிதான். இரண்டாவதாக வந்த பேட்டைக்குத்தான் பெரிய அவமானமாம், கடைசியாக வந்ததற்கு இல்லை! பந்தயத்துக்கு முன் குதிரையைக் கோயிலுக்குள்ளேயே கூட்டிப்போய், பாதிரியார் ஆசீர்வதித்து, "போ, ஜெயித்து வா" என்பார். அந்த நேரம் குதிரை உள்ளேயே சாணி போட்டால் நல்ல சகுனம். அப்பத்தாவிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்கு இது ஒன்று போதும். சதுக்கத்தின் நடுவில் நின்று பார்க்கக் காசில்லை. ஆனால் மத்தியானமே இடம் பிடித்து வெயிலில் நிற்க வேண்டும். ஜூலை 2 அன்றும் இதே பந்தயம் உண்டு, அது என் வழியில் பொருந்தவில்லை.

ஸ்பெயினில் புன்யோல் ஊரின் தக்காளி எறியும் திருவிழாவைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். ஆகஸ்ட் கடைசி புதன்கிழமை, நாள் ஒத்துவரவில்லை. ஒத்துவந்தாலும் கிலோ நூறு ரூபாய்க்குத் தக்காளி வாங்கிய அம்மாவின் மகள் அதைத் தெருவில் எறிய முடியுமா? எடின்பரோ நாடக விழாவும் இல்லை. பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும். ஜெர்மனி குடியிருப்பு அட்டை ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) மட்டும், 180 நாளில் 90 நாள் வரை.

பை வாங்கிவிட்டேன். பழைய சாமான் சந்தையில் 25 யூரோ, 40 லிட்டர். எல்லாவற்றையும் வைத்துத் தூக்கி நிறுத்தால் எட்டரைக் கிலோ. உங்கள் கார்டு பெட்டி எவ்வளவு இருக்கும்? சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, விளக்கு, தண்டவாளத்தில் வைக்கும் எச்சரிக்கை வெடியான டெட்டனேட்டர், அம்மாவின் டிபன். மூடியில் வெள்ளைப் பெயின்டில் உங்கள் பெயர். அதைத் தூக்கிக்கொண்டுதான் முப்பது வருஷம் போனீர்கள். வருஷா வருஷம் பாஸ் இருந்தும், டைம்டேபிளில் காஷ்மீர் வரை பென்சிலால் கோடு போட்டும், உங்கள் லீவும் என் பள்ளி விடுமுறையும் ஒருமுறைகூட ஒத்துவராமல் நாம் போனது ராமேஸ்வரமும் திருச்செந்தூரும்தான். அந்தக் கோடுகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

இப்போது பென்சில். போன நவம்பரில் ஒரு வண்டி தாமதமாகி, இணைப்பு வண்டி போய்விட, பூட்டிய காத்திருப்பு அறைக்கு வெளியே நாலு மணி நேரம் குளிரில் நின்றேன். அதிலிருந்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு மணி நேரம் விடுகிறேன். ஒரு இடத்தில்தான் குழப்பம். மாட்ரிட்டிலிருந்து அதிவேக வண்டியில் வீகோ, அங்கிருந்து போர்ட்டோவுக்கு வேறு வண்டி. வீகோவில் இரண்டு ஸ்டேஷன்: நான் இறங்குவது உர்ஸாயிஸ், ஏறுவது கிஷார். சென்ட்ரலும் எழும்பூரும் மாதிரி, ஆனால் நடந்துவிடலாம், ஒரு கிலோமீட்டர்தான். போர்ட்டோவுக்கு நாளுக்கு இரண்டே வண்டி. மாலை வண்டியை நம்பி அன்றே மாறுவதா, வீகோவில் ஒரு ராத்திரி தங்கிக் காலை வண்டியில் போவதா? தங்கினால் பாஸில் ஒரு நாள் கூடுதலாகப் போகும், சியெனாவுக்கு ஒரு நாள் குறையும்.

நேரங்களை எல்லாம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். திருத்திப் படம் எடுத்து அனுப்புங்கள். மே முதல் வாரத்துக்குள் வேண்டும்.

அம்மாவிடம் ஊறுகாய் வேண்டாம் என்று சொல்லுங்கள், பையில் கொட்டிவிடும். பருப்புப்பொடி அரைக் கிலோ.

உங்கள் மகள்