ஆறு மாதத்துக்கு மட்டும்

அன்புள்ள சிவராமனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் மனசு நிறைந்துபோனது. அவளுக்கு என் ஆசிகளைச் சொல். எனக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பொடி எழுத்தும் இப்போது தெளிவாகத் தெரிகிறது. அதனால் ரோமாபுரி வரலாற்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சர்வாதிகாரி, கொடுங்கோலன் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டிருந்தாய். இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நேராக நிற்பது செங்கோல், வளைந்துபோனது கொடுங்கோல். ஆள்கிறவன் எப்படி ஆள்கிறான் என்பதைச் சொல்லும் சொல் அது. சர்வாதிகாரி என்பதோ அவன் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அவன் நல்லவனாகவே இருந்தாலும், தட்டிக்கேட்க ஆளில்லை என்றால் சர்வாதிகாரிதான்.

நாம் சர்வாதிகாரி என்று சொல்கிற 'டிக்டேட்டர்' லத்தீன்காரர்களின் சொல். 'சொல்லுதல்' என்ற வினையிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்து டிக்டேஷனுக்கும் அதே வேர்தான். ஆனால் ரோமில் அது வசைச்சொல் இல்லை, முறையான பதவி. பகைவர் நெருங்கிவிட்டார்கள், ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் தலைமை ஆட்சியாளர்களான இரண்டு கான்சல்களும் கலந்துபேசி முடிவெடுக்க நேரமில்லை என்றால், மூத்தோர் அவையான செனட் ஒரு டிக்டேட்டரை நியமிக்கக் கேட்டுக்கொள்ளும். கான்சல்களில் ஒருவர் இரவு நேரத்தில், சத்தமில்லாமல், ஒருவர் பெயரைச் சொல்லி நியமிப்பார். அப்படிப் பெயர் 'சொல்லப்படுவதால்' வந்த பட்டம் என்கிறார் ரோமானியப் பேச்சாளர் சிசரோ. நியமிக்கப்பட்டவர் சொல்லுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும் என்பதையும் அக்கால அறிஞர் வார்ரோ சேர்த்துச் சொல்கிறார்.

கான்சலுக்கு முன்னால் 12 காவலர்கள் அதிகாரச் சின்னமாகக் கோடரி செருகிய பிரம்புக் கட்டு சுமந்து நடப்பார்கள், டிக்டேட்டருக்கோ 24 பேர். மற்றவர்கள் நகருக்குள் வந்தால் அந்தக் கட்டிலிருந்து கோடரியை எடுத்துவிட வேண்டும். இவருக்கு மட்டும் நகருக்குள்ளும் கோடரி இருக்கும். அவ்வளவு அதிகாரம்! ஆனால் கெடு ஆறே மாதம். அதற்குள் வேலை முடிந்தால் முன்பே விலகிவிடுவதுதான் மரபு. கி.மு. 458-இல் சின்சினாட்டஸ் என்ற டிக்டேட்டர் போரை வென்று 16ஆம் நாளே பதவியைத் துறந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார்.

அதைவிட எனக்குப் பிடித்தது கி.மு. 363-இல் நடந்தது. கொள்ளைநோய் தணிய வேண்டும் என்று ஜூபிடர் கோயிலில் ஓர் ஆணி அடிப்பதற்காக மட்டும் மான்லியஸ் என்பவரை நியமித்தார்கள். அவரோ ஆணி அடித்த கையோடு போருக்கும் ஆள் சேர்க்கத் தொடங்கினார். சாதாரண மக்களின் பிரதிநிதிகளான டிரிபியூன்கள் எல்லோரும் திரண்டு எதிர்த்தார்கள். அவர் விலக வேண்டியதாயிற்று. கொடுத்த வேலை ஆணி அடிப்பது, அதோடு நிறுத்திக்கொள் என்று சொல்ல ஆள் இருந்தது பார்!

அப்புறம் வந்தவர் சுல்லா என்ற தளபதி. 120 ஆண்டு தூங்கிக்கிடந்த பதவியை கி.மு. 82-இல் எழுப்பி, கெடு இல்லாமல் எடுத்துக்கொண்டார். கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலைப் பொது இடத்தில் மாட்டினார். சீசர் முதல் தடவை 11 நாளில் விலகினார். பிறகு ஓராண்டு, பிறகு பத்தாண்டு, கி.மு. 44-இல் வாழ்நாள் முழுக்க. அதை நாணயத்திலும் தன் முகத்தோடு பொறித்துக்கொண்டார். அந்த மார்ச்சிலேயே குத்திக் கொன்றார்கள். பதவியையும் சட்டம் போட்டு ஒழித்தார்கள். பின்னால் வந்த சீசரின் வாரிசு அகஸ்டஸ், மக்கள் வற்புறுத்தியும் அந்தப் பெயரை ஏற்கவில்லை. பெயரைத் தவிர மற்ற எல்லாமே அவரிடம் இருந்தது.

1933-இல் ஹிட்லருக்கு ஜெர்மன் நாடாளுமன்றம் அதிகாரத்தை அள்ளிக்கொடுத்த சட்டத்திலும் கெடு இருந்தது தெரியுமா? நான்கு ஆண்டு. 1937-இலும் 1939-இலும் நீட்டித்தார்கள். 1943-இல் அவரே ஆணை போட்டு நீட்டிக்கொண்டார். இதைப் படித்த பிறகு, ஒருவரிடம் எவ்வளவு அதிகாரம் என்பதைவிட, கெடுவை நீட்டுகிற உரிமை யார் கையில் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சுல்லாவுக்கு செனட் பயந்தது புரிகிறது. அந்தப் பட்டியலைக் கண்ணால் பார்த்த தலைமுறை உயிரோடு இருக்கும்போதே, சீசருக்கு வாழ்நாள் முழுக்க என்று எப்படி ஒப்புக்கொண்டார்கள்? உனக்கு என்ன தோன்றுகிறது, எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கதிரேசன்