மேசையில் விரித்த டிஷ்யூ தாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2025இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘கேபாப் டெமன் ஹன்டர்ஸ்’ ஆங்கில அனிமேஷன் படம்தான். ஆனாலும் கொரிய வாழ்க்கை அதில் ஒப்புக்குச் சேர்க்கப்படவில்லை. உணவகத்தில் கரண்டியும் குச்சிகளும் வைக்கும் முன் மேசையில் ஒரு டிஷ்யூ தாளை விரிக்கிறார்கள். சோபா இருந்தும் தரையில் உட்கார்ந்து அதில் சாய்ந்துகொள்கிறார்கள். யாரும் இதையெல்லாம் நின்று விளக்குவதில்லை, அதுதான் அழகு. கொரிய நாட்டுப்புற ஓவியங்களின் புலியும் மேக்பை பறவையும்கூட இயல்பாக வந்துபோகின்றன. சியோலில் பிறந்து கனடாவில் வளர்ந்த மேகி காங், இயக்குநர் இருவரில் ஒருவர். முதன்மைப் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தவர்களும் கொரிய வம்சாவளியினர்.

அப்புறம், பாடகிகளாகவும் பேய் வேட்டைக்காரிகளாகவும் வரும் நாயகிகள் மூவரும் வாய் நிறைய அள்ளிச் சாப்பிடுகிறார்கள், முகத்தைக் கோணிக்கொண்டு சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பத்து வயதுப் பெண் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது அந்தக் காட்சிகளைத்தான்.

– ஒரு வாசகி, திருச்சி