துப்பாக்கியின் எடையைக் குறைக்க 2,000 டாலரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வேட்டைத் துப்பாக்கிக் கட்டுரை என்னிடம் நேராக வரவில்லை. தேவகோட்டையில் இருக்கும் என் தங்கை அதைப் போட்டோ எடுத்து அமெரிக்காவில் கொலராடோவில் வேலை பார்க்கும் தன் மகனுக்கு அனுப்ப, அவன் அதை எனக்குத் தள்ளிவிட்டு, "அம்மான், 2,000 டாலர் போட்டா என் ரைபிள்ல ஒன்றேகால் கிலோ குறைக்கலாமாம், செய்யட்டுமா?" என்று கேட்க, அப்படிச் சுற்றிக்கொண்டு வந்தது. அவனுக்குப் போனில் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். எடை குறைந்தால் சுகம் என்று கட்டுரை பத்திக்குப் பத்தி சொல்கிறது, அந்தச் சுகத்துக்குத் தோள் என்ன கொடுக்க வேண்டும், குறி என்ன கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

உள்ளூர் வாசகர்கள் கோபப்படுவதற்கு முன் ஒன்று. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது வேட்டை என்ற பேச்சே கிடையாது, அது நல்லதுதான். எங்கள் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. சில பெரிய வீடுகளில் ஐயா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி லைசென்ஸோடு இருக்கும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. நான் எழுதுவது வேட்டை சட்டப்படி நடக்கிற நாடுகளில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு. அவர்கள் இப்போது நிறைய பேர் இருக்கிறார்கள், செட்டிநாட்டில் வீட்டுக்கு ஒருவர் கடல் தாண்டியிருப்பது புதிதா என்ன.

எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்கலாம். நான் வேலை பார்த்தது நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச்சில். வவ்வாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் அந்த நாட்டுக்குச் சொந்தமில்லை. மான், இமயமலைத் தார் ஆடு எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுபோய் விட்டவை. தாரை 1904-இல் மவுண்ட் குக் பக்கம் விட்டார்கள், அது பெருகி மலைச் செடிகளை மேய்ந்து தீர்க்க, பிறகு அரசாங்கமே சுடச் சொல்ல வேண்டியதாயிற்று. நம் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டுக்கு அது ஒரு வகையில் உறவுமுறை. இங்கே காப்பாற்றுகிறோம், அங்கே குறைக்கிறார்கள். அந்தத் தார் நிற்கும் இடம் எல்லாம் செங்குத்து. விடியற்காலையில் ஏற ஆரம்பித்தால் சாயங்காலம் வரை துப்பாக்கி தோளில்தான். எடையின் அருமை அங்கேதான் தெரிந்தது, எடை குறைந்த துப்பாக்கியின் தொல்லையும் அங்கேதான் தெரிந்தது.

சரி, மருமகன் விஷயம். அவன் வைத்திருப்பது .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பலமான தோட்டாவைச் சுடும் ரைபிள். விளம்பரத்தில் போட்ட எடை மூன்றரைக் கிலோ. அது வெறும் துப்பாக்கி. அதன் மேல் முக்கால் கிலோவுக்கு ஒரு பெரிய ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), அதைப் பிடிக்கும் இரும்பு வளையங்கள் 200 கிராம், முன்னால் ஊன்றிக்கொள்ளும் பைபாட் 400 கிராம், தோள்வார், உள்ளே தோட்டா. மொத்தம் ஐந்து கிலோவைத் தாண்டிவிட்டது. உங்கள் கட்டுரையிலும் இதே கோளாறுதான், எடை என்று போட்டிருப்பதெல்லாம் ஸ்கோப் இல்லாத எடை. வேட்டைக்குப் போகிறவன் ஸ்கோப்பை வீட்டில் வைத்துவிட்டா போகிறான்?

ஆகவே முதலில் காசில்லாமல் கழியும் எடையைப் பார்க்கச் சொன்னேன். பைபாடைக் கழற்று, முதுகுப்பையைக் கீழே போட்டு அதன் மேல் துப்பாக்கியை வைத்துச் சுடு, 400 கிராம் போயிற்று. அந்த ஸ்கோப் ஆயிரம் மீட்டர் தூரத்து இலக்குப் பலகைக்கு ஆனது, அவன் சுடப்போவதோ 200, 300 மீட்டருக்குள். அதை விற்றுவிட்டு 3-9 உருப்பெருக்கத்தில் சாதாரணமாக ஒன்று வாங்கினால் 350 கிராம் குறையும், கையில் பணமும் மிஞ்சும். பையில் இருபது தோட்டா எதற்கு, பத்து போதும். மேக்னம் தோட்டா ஒன்று 30 கிராமுக்கு மேல் இருக்கும், அதில் 300 கிராமுக்குக் குறையாமல் போகும், அது துப்பாக்கியில் இல்லை என்றாலும் சுமப்பது அதே கால்தானே. வளையங்களை அலுமினியத்தில் மாற்றினால் இன்னொரு 100 கிராம், அதற்குக் கொஞ்சம் செலவு உண்டு.

இதற்குப் பிறகு கழிக்க நினைக்கும் கிராம்கள்தான் விலை உயர்ந்தவை. கட்டை என்பது குழலைத் தாங்கித் தோளில் முட்டுகிற பகுதி. கார்பன் ஃபைபரில் அது 700 டாலர், சில இடங்களில் ஆயிரம். வால்நட் மரக்கட்டையை எடுத்துவிட்டு கார்பன் கட்டையைப் போட்டால் 400 கிராம் வரை குறையலாம். கிராமுக்கு ஒன்றே முக்கால் டாலர் என்ற கணக்கில் வந்து நிற்கிறது. குழலில் நீளவாக்கில் பள்ளம் வெட்டினால் 200 டாலருக்கு 100, 150 கிராம். விசைக்கு (ட்ரிகருக்கு) மேலே இருக்கும் போல்ட்டைக் குடைவது, கைப்பிடியைக் குடைவது எல்லாம் பத்து இருபது கிராம் வேலை, அதற்குச் செலவழிப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. இதில் ஏமாறவும் வழி இருக்கிறது. கம்பெனி போட்டுத்தரும் பிளாஸ்டிக் கட்டை எல்லாம் மரத்தைவிட லேசு என்று நினைத்துவிட வேண்டாம், பல கட்டைகள் மரத்தின் எடையை ஒட்டியேதான் இருக்கின்றன. கார்பன் சுற்றிய குழலும் அப்படியே. அதே தடிமனுள்ள இரும்புக் குழலைவிட லேசுதான், ஆனால் மெல்லிய சாதாரண இரும்புக் குழல் அதைவிட லேசாகவும் பல மடங்கு மலிவாகவும் கிடைக்கிறது. (மழை ஈரத்தில் மரம் உப்பி குறி நகராமல் இருக்கத்தான் செயற்கைக் கட்டை என்றால் அது நியாயமான காரணம், தேக்கு உத்தரத்துக்குக் கீழே வளர்ந்தவன் நானே ஒப்புக்கொள்கிறேன்.)

பணத்தை விடுங்கள். துப்பாக்கி லேசானால் தோளுக்கு வரும் உதை கூடும், இதில் தப்பிக்க வழியே இல்லை. தோட்டாவும் மருந்துப் புகையும் முன்னால் போகும் வேகத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் வருகிறது. தோட்டா மாறாமல் எடையை மட்டும் கால் பங்கு குறைத்தால் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு ஏறும். மருமகன் கேட்ட ஒன்றேகால் கிலோ ஏறத்தாழ அந்தக் கால் பங்குதான். .300 மேக்னம் ஐந்து கிலோவிலேயே நன்றாக உதைக்கும். அதை மூன்றே முக்கால் கிலோவில் வைத்து நாலு தடவை சுட்டுப் பழகச் சொல்லுங்கள், ஐந்தாவது தடவை விசையை அழுத்தும்போது கண் தானாக மூடும், தோள் தானாகச் சுருங்கும், அந்தப் பயம் ஒருமுறை வந்துவிட்டால் போக்குவது பெரும்பாடு. ஸ்கோப் புருவத்தில் இடித்து ரத்தம் வந்தவர்களை அங்கே பார்த்திருக்கிறேன். குழல் முனையில் பிரேக் மாட்டினால் உதை குறையும் என்பார்கள், உண்மைதான், ஆனால் சத்தத்தில் காது போகும். பக்கத்தில் நிற்பவன் காதும் சேர்ந்து.

இன்னொன்று, லேசான துப்பாக்கி கையில் நிற்காது. மலை ஏறி மூச்சு வாங்கும்போது நெஞ்சு துடிக்கிற ஒவ்வொரு துடிப்பும் குழல் முனையில் தெரியும். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறவர்களைக் கவனியுங்கள். விதி சொல்வது ஐந்தரைக் கிலோவுக்கு மேல் போகாதே என்று, அவர்கள் அதற்குள் கூடுதல் எடைத் துண்டுகளைத் திருகிப் பொருத்திக்கொள்கிறார்கள். கனம் அவர்களுக்கு உதவி. எடை குறைத்தே தீருவேன் என்கிறவர்கள் கட்டையில் குறைக்கட்டும், குழலில் வேண்டாம், முன்பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால்தான் குறி அலையாது. அதோடு விசையைச் சரிபார்க்க வேண்டும். விசையை இழுக்க இரண்டு கிலோ பலம் தேவைப்பட்டால், மூன்று கிலோ துப்பாக்கி விரலோடு சேர்ந்து நகராமல் என்ன செய்யும்? நல்ல விசை 150, 200 டாலர், என் கணக்கில் இந்தப் பட்டியலிலேயே உருப்படியான செலவு அதுதான்.

மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகி குறி விலகும் என்ற குற்றச்சாட்டை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வேட்டையில் கணக்கு முதல் தோட்டாதான், அது ஆறிய குழலிலிருந்து போகிறது.

அப்படியென்றால் லேசான துப்பாக்கியே வேண்டாமா? வேண்டும், யாருக்கு என்பதுதான் கேள்வி. பரண் கட்டி உட்கார்ந்திருப்பவனுக்கும் ஜீப்பிலிருந்து இறங்கி அரை மைல் நடப்பவனுக்கும் ஐந்து கிலோ ஒரு பொருட்டே இல்லை. நாளெல்லாம் மலையில் கையில் பிடித்துக்கொண்டு நடப்பவனுக்கு அரைக் கிலோ குறைந்தாலும் உடம்பு அறியும், முதுகில் ஏற்றிய எடையும் கையில் தொங்கும் எடையும் ஒன்றல்ல. ஆனால் கொலராடோவில் எல்க் மான் ஒன்று விழுந்தால் எலும்பு நீக்கிய கறியே 80, 90 கிலோ வரும், உண்ணத்தக்க கறியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது அங்கே குற்றம், அதனால் ஒரு நடைக்கு 25, 30 கிலோ என்று மூன்று நான்கு நடை சுமந்தாக வேண்டும். அந்தக் கறியில் தங்கை சொன்ன பக்குவத்தில் உப்புக்கறி போட்டு எங்களுக்குப் படம் வேறு அனுப்புவான். அந்த நடைகளுக்கு அவன் துப்பாக்கியில் குறைத்த 400 கிராம் எந்தப் பக்கம் காணும்?

நான் சொன்ன வழி இது. காசில்லாத எடையைக் கழித்துவிட்டு ஒரு பருவம் முழுக்க நடந்து பார்க்கட்டும். அதன் பிறகும் கனம் என்றால் இருக்கிற மேக்னத்தைச் செதுக்குவதில் 2,000 டாலரைக் கொட்டாமல், அதை விற்றுவிட்டு .308 போல உதை குறைந்த தோட்டாவில் மூன்று கிலோவுக்குக் குறைந்த ஒரு கம்பெனித் துப்பாக்கியை வாங்கட்டும். டிக்கா டி3எக்ஸ் லைட் மாதிரி துப்பாக்கிகள் செதுக்குக்கூலியில் பாதி விலைக்கே கிடைக்கின்றன. ஸ்கோப்போடு மூன்றரைக் கிலோவுக்குள் வரும் அந்த .308, அவனுடைய ஐந்து கிலோ மேக்னத்தைவிடக் குறைவாகத்தான் உதைக்கும். நியாயமான தூரத்தில் எல்க்குக்கு .308 போதும், தூரம் கூடினால் இன்னும் கொஞ்சம் கிட்டே நடந்து போகட்டும், அதற்குத்தானே லேசான துப்பாக்கி.

இனி இப்படிக் கட்டுரை போடும்போது ஸ்கோப், வார், தோட்டா எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்த எடையை ஒரு பெட்டியில் போடுங்கள், கூடவே எந்தத் தோட்டா என்பதையும். மருமகன் பைபாடைக் கழற்றிவிட்டான், ஸ்கோப்புக்கு ஆள் தேடுகிறான். கார்பன் கட்டை ஆசை மட்டும் இன்னும் விடவில்லை, அது அவன் சம்பாதித்த காசு.

இப்படிக்கு,
தேவகோட்டை வாசகர்