ஆண்கள் ஐக்கிய சங்கம்: 2025ஆம் ஆண்டறிக்கை

சேகரத் தலைவர் ஐயா அவர்களுக்கும், சங்கத் தலைவர் அண்ணாச்சிக்கும், அங்கத்தினர் அனைவருக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் பத்து நடந்தன. லெந்து கால (தவக்கால) வீட்டு ஜெபம், பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைப் பணிவிடை, அசனம் என்ற சபை விருந்து, கிறிஸ்மஸ் கீதப் பவனி எல்லாம் வழக்கம்போல் நடந்தேறின. ஒத்தாசை செய்த பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் வாலிபருக்கும் கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்குட்டியாருக்கும் நன்றி.

விரிவாகச் சொல்ல வேண்டியது கைப்பிடி அரிசி ஊழியத்தைப் பற்றித்தான். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனியே எடுத்துப் போடுவது நெல்லைச் சீமையில் பழைய வழக்கம். கைப்பிடி ஏறக்குறைய 50 கிராம். நாளைக்கு ஒன்று என்றால் வீட்டுக்கு மாதம் ஒன்றரைக் கிலோ. மார்ச் 5, சாம்பல் புதனன்று இதை மறுபடி தொடங்கியபோது ஒன்றைப் புதிதாகச் சேர்த்தோம். எந்த வீட்டோடு ஒருவருக்குப் பேச்சு நின்றுபோயிருக்கிறதோ, அந்த வீட்டுக்கு அவரே பையைச் சுமந்து போக வேண்டும். அரிசி தேவைப்படாத வீடானால் ஆஸ்பத்திரிக்கு ஒரு வேளைச் சாப்பாடு, கல்யாணத்தில் பந்தி விசாரிப்பு, துட்டி (சாவு) வீட்டில் பெஞ்சு தூக்குதல். “உன் சத்துரு பசியாயிருந்தால், அவனுக்குப் போஜனங்கொடு” என்கிறது ரோமர் 12:20. மனசு ஆறிய பிறகு கொடு என்று அங்கே எழுதியில்லை. கை முந்தினால் மனசு பின்னால் வரும்.

பிசகியவற்றையும் சொல்ல வேண்டும். புழுங்கலையும் பச்சரிசியையும் ஒரே வாளியில் கொட்டினோம். பச்சரிசி குழைய, புழுங்கல் அரைவேக்காடாய் நின்றது. இப்போது இரண்டு வாளி. மாதக் கடைசி வரை வைத்ததில் வண்டு விழுந்தது. பேச்சில்லாத வீட்டுக்கு வண்டரிசி போனால் அது புது அவமானம். ஆகவே ஞாயிறுதோறும் சேகரித்து, காய்ந்த மிளகாய் போட்டு வைத்து, புடைத்த பிறகே கட்டுகிறோம். ஐந்து கிலோவுக்கு மேல் கட்டுவதில்லை. அதிகமானால் விலை பேச வந்ததுபோல் ஆகிவிடும். வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போனதால் ஒரு பை திரும்பி வந்தது. படம் எடுப்பதை அன்றோடு நிறுத்தினோம்.

போகிறவர் தனியாகப் போக வேண்டும் (மத்தேயு 18:15). பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பக் கூடாது. முதல் தடவை பழைய விஷயத்தை எடுக்கவே வேண்டாம். காப்பி கொடுத்தால் கட்டாயம் குடிக்க வேண்டும். வாங்கிக்கொள்ளாமல் கொடுத்துக்கொண்டே இருப்பவர் எதிராளியைக் கடனாளியாகவே வைத்திருக்கிறார்.

வேலித் தகராறில் சர்வேயர் அளந்து கல் நடட்டும். மன்னிப்பு அதற்குத் தடையல்ல. கைமாற்றுக் கடனைத் தள்ளினால் புரோநோட்டைக் கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பீரோவில் நோட்டு இருக்கும்வரை அது மன்னிப்பாகாது. குடித்துவிட்டு அடிக்கிறவனிடம் திரும்பிப் போகும்படி எந்தப் பெண்ணையும் மன்னிப்பின் பேரைச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. அவளுடைய பாதுகாப்பே முதலில்.

வருத்தத்தோடு ஒன்று. சபைத் தேர்தலுக்குப் பிறகு பழைய அங்கத்தினர் பலர் கூட்டத்துக்கு வருவதில்லை, சந்தாவும் நின்றுவிட்டது. வராதவர்கள் வீட்டுக்கு நானும் பொருளாளர் தம்பியும் மூன்று முறை போனோம். “எங்களுக்கு நடந்தது சின்ன விஷயமா?” என்று கேட்டார்கள். சின்னதென்று நாங்கள் சொல்லவில்லை. மத்தேயு 18ஆம் அதிகார உவமையில், பதினாயிரம் தாலந்துக் கடன் தள்ளப்பட்ட ஊழியக்காரன் தன் உடன்வேலைக்காரனிடம் நெருக்கிக் கேட்ட நூறு வெள்ளிப்பணமும் சின்னத் தொகையல்ல. கூலியாளின் நூறு நாள் கூலி. அதைத்தான் விடச் சொல்கிறார் ஆண்டவர், பதினாயிரம் தாலந்து நமக்குத் தள்ளப்பட்டிருப்பதால்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமம்; கையிருப்பு சொற்பம். விவரம் பொருளாளர் நோட்டில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

2024 முடிய உள்ள சந்தா பாக்கி முழுவதையும் தள்ளிவிடும்படி இக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன். சம்மதமானால் பாக்கிப் பட்டியலை இங்கேயே கிழித்துவிடலாம். வரும் ஆண்டில் பை சுமக்க ஆள் போதாது. இன்று வராதவர்களின் வீட்டுக்கு யார் போவது என்பதைக் கலையுமுன் எழுதிக் கொடுங்கள். ஜனவரி 4, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் புது வாளிகள் கோயில் வராந்தாவில் இருக்கும். சந்தா நோட்டும் பக்கத்திலேயே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்