ஆளுக்கு ஆள் பிடிப்பதும் கச்சான் காலமும்

ஆசிரியருக்கு,

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இளம் உதைபந்தாட்ட அணிகளைப் பழக்குகிறவர்கள் சிலர், பிரபல பயிற்றுநர் மார்செலோ பியெல்சாவின் பெயரைச் சொல்லி "ஆளுக்கு ஆள் பிடி" (எதிரணி வீரர் ஒவ்வொருவரையும் நம்மில் ஒருவர் விடாமல் தொடர்வது) என்று பிள்ளைகளை மைதானம் முழுக்க ஓடவிடுகிறார்கள். அவரிடம் கற்க நிறைய உண்டு. அவருடைய அணிகள் உடைந்த இடங்களையும் சேர்த்துக் கற்கவேண்டும்.

ஆர்ஜென்டீனாவின் ரொசாரியோவில் பிறந்தவர். 1990இல் நியூவெல்ஸ் ஓல்ட் போய்ஸ் கழகத்தில் பயிற்றுநராகத் தொடங்கி மெக்சிகோ, ஸ்பெயின், சிலி, பிரான்ஸ், இங்கிலாந்து என்று சுற்றி 2023இல் உருகுவே தேசிய அணிக்குப் போனார். இடையில் இத்தாலியின் லாசியோ கழகத்தில் இரண்டே நாள். 2002 உலகக் கிண்ணத்தில் அவருடைய ஆர்ஜென்டீனா முதற் சுற்றோடு திரும்பியது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆறு ஆட்டத்திலும் ஒரு கோல்கூட வாங்காமல் தங்கம் வென்றது.

அவருடைய கணக்கு இதுதான்: எதிரணிக்கு முன்கள வீரர் இருவரென்றால் பின்னால் மூவர், ஒருவரென்றால் பின்களத்தின் நடுவில் இருவர். அந்த மேலதிக ஆளைத் தவிர எல்லோருக்கும் பிடிக்க ஒருவர். பின்னால் ஒருவர் கூடினால் முன்னால் ஒருவர் குறைவார். ஆகவே எதிரணியின் நடுப் பின்கள வீரர் இருவரையும் நம் முன்கள வீரர் ஒருவரே பார்க்கவேண்டும். நேராக ஓடாமல் வளைந்து ஓடி, இருவருக்கும் இடையிலான பாஸை மறிக்கவேண்டும். இதை யாரும் இங்கே சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை.

ஒருவர் வெட்டப்பட்டால், அதாவது எதிராளி பந்தோடு அவரைத் தாண்டினால், மேலதிக ஆள் தன் இடத்தை விட்டு வருவார்; பிறகு கோலுக்கு முன்னால் காவல் இல்லை. 2022 பெப்ரவரியில் முக்கிய வீரர்கள் பிலிப்ஸ், கூப்பர், பாம்ஃபோர்ட் காயத்தில் இருக்க, அவருடைய இங்கிலாந்துக் கழகமான லீட்ஸ் ஐந்து லீக் ஆட்டங்களில் 20 கோல் வாங்கியது. பியெல்சா பதவி இழந்தார். 2012இல் அவருடைய ஸ்பானியக் கழகமான பில்பாவோ இரண்டு இறுதி ஆட்டங்களுக்குப் போய் இரண்டையும் 0-3 என்று தோற்றதும் பருவ முடிவில் கால் ஓய்ந்த நிலையில்தான்.

அது வெப்பம் குறைந்த ஐரோப்பாவில். இங்கே கச்சான் என்னும் வறண்ட சுடுகாற்று வீசும் மாதங்களில் பிள்ளைகளை முழு மைதானத்தில் அப்படி ஓட்டுவது ஆபத்து. ஐந்து மணிக்குப் பிறகு, அரை மைதானத்தில், ஏழுக்கு ஏழு விளையாடவிடுங்கள். நான்கு நிமிட ஆட்டம், மூன்று நிமிட ஓய்வும் தண்ணீரும். நான்கு முறை போதும். மைதானத்தின் எல்லைக் கோட்டைச் சுற்றி ஆறு பந்து இருக்கட்டும். ஒன்று வெளியே போனதும் அடுத்தது உள்ளே விழவேண்டும். நிற்காத ஆட்டம்தான் பியெல்சாவின் பயிற்சியின் உயிர். முழங்காலில் கை ஊன்றி நிற்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். களைத்த கால் பழகுவது பிழையான பிடியைத்தான்.

பிடிக்கிறவர் தன் கோலின் பக்கமாக, ஒரு கை தூரத்தில், உடம்பைச் சற்றுத் திருப்பி நிற்கவேண்டும். மணல் தரையில் முதலில் காலை நீட்டுகிறவர் சறுக்குவார்.

போட்டியில் எதிரணியின் கோல் உதையின்போதும், பந்து பக்கக் கோட்டோரம் ஒதுங்கும்போதும் மட்டும் ஆளுக்கு ஆள் போகட்டும். மற்ற நேரம் அவரவர் பகுதியைக் காக்கட்டும். வெளியே இருக்கும் பையன் ஒருவனிடம் தாளும் பேனையும் கொடுத்து, யார் யாரிடம் எத்தனை முறை வெட்டுப்பட்டான் என்று குறிக்கச் சொல்லுங்கள். இடைவேளையில் அந்தத் தாளைப் பார்த்துச் சோடியை மாற்றலாம்.

உதைபந்தாட்ட ஆர்வலர்கள்,
கல்லடி, மட்டக்களப்பு