டிசம்பர் கடற்கரைப் பயணம்: ஊரை முடிவு செய்வோம்

நண்பர்களே, கோவா, பாண்டி, கேரளாவின் வர்க்கலா, தனுஷ்கோடி என்று நான்கு ஊர் பேர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிறு இரவுக்குள் முடிவு வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். கிறிஸ்துமஸ் வாரத்து ஸ்லீப்பர் நமக்காகக் காத்திருக்காது.

என் ஓட்டு வர்க்கலாவுக்கு. டிசம்பரில் நம் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓய்ந்திருக்காது. ஒரு புயல் சின்னம் உருவானால் போதும், பாண்டியில் அறைக்குள் உட்கார்ந்து சீட்டாட வேண்டியதுதான். மேற்குக் கரைக் கடல் அப்போது பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வர்க்கலாவில் செம்பாறைக் குன்று கடலோரத்தில் செங்குத்தாக நிற்கிறது. மேலே சாப்பாட்டுக் கடைகள், படியிறங்கினால் மணல். அங்குள்ள பாபநாசம் கடற்கரைப் பக்கம் காலையில் பலர் திதி கொடுத்துக்கொண்டிருப்பார்கள், அங்கே போய்க் கூத்தடிக்க வேண்டாம். கொஞ்சம் வடக்கே தள்ளிப் போய்விடலாம்.

தனுஷ்கோடி அழகுதான், ஆனால் குளிக்கிற கடல் இல்லை. தங்க ராமேஸ்வரம் திரும்ப வேண்டும். கோவா அந்த வாரத்தில் பர்ஸைக் காலி செய்துவிடும்.

குழந்தைகளோடு வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், அறை அதற்கேற்பப் பார்க்க வேண்டும். அப்புறம், ‘எதுவானாலும் சரி’ என்பதெல்லாம் ஓட்டில் சேராது. ஊர் பேரை எழுதுங்கள்.