பொருள்: மாயமான் கொம்பு, குளம்பு செட் தப்பா அனுப்பினது, பணம் திரும்ப தராதது, கஸ்டமர் கேர்ல மரியாதை இல்லாம பேசினது

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். இதுக்கு முன்னாடி உங்களுக்கு போட்ட மெயிலுக்கெல்லாம் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்"னு ஒரே பதில்தான் வந்துச்சு, அதுவும் மெஷின் அனுப்பினது. வாட்ஸ்அப்ல நீலக் கலர் டிக் விழுது, பதில் விழல. அதனால இந்த தடவை எல்லாத்தையும் முழுசா எழுதுறேன், தயவு செஞ்சு ஒரு மனுஷர் உக்காந்து கடைசி வரைக்கும் படிங்க.

நான் விழுப்புரத்துல டான்ஸ் கிளாஸ் நடத்துறேன். ராமநவமிக்கு பெருமாள் கோயில்ல எங்க பசங்க மாயமான் காட்சி பண்றதா இருந்துச்சு, அதுக்குத்தான் உங்ககிட்ட கஸ்டம் ஆர்டர் கொடுத்தேன். உங்க பெரிய செட்டு, அந்த மூணு கிளை மாடல், அது எதுன்னு உங்களுக்கே தெரியும். கொம்பு, காது, நாலு குளம்பு, கொரியரோட சேத்து 9,600 ரூபா, முழுசா அட்வான்ஸ். ஆர்டர் ஃபார்ம்ல நான் வளவளன்னு எழுதலைங்க, கலர் கலரா பிரிச்சு எழுதியிருந்தேன். வால்மீகி அந்த மானை எப்படி வர்ணிச்சிருக்காரோ அப்படியே. கொம்பு நுனியில நல்ல ரத்தினம், காது இந்திரநீலம், விலாப்பக்கம் இலுப்பைப் பூ நிறம், குளம்பு வைடூரியம், வால் வானவில், உடம்பெல்லாம் வெள்ளிப் புள்ளி. உடம்பும் வாலும் எங்க டெய்லர் பாத்துக்கிட்டாரு, கொம்பு குளம்பு காது மட்டும் உங்க பொறுப்பு. அதுக்கு நீங்க போட்ட பதில் "நோட்டட் மேடம்". எதை நோட் பண்ணீங்கன்னு இன்னி வரைக்கும் எனக்கு புரியல.

பெட்டியைப் பிரிச்சதும் முதல்ல கண்ணுல பட்டது குளம்பு. பிங்க்! குழந்தைங்க பர்த்டே பார்ட்டியில ஒட்டுவாங்களே அந்த பேபி பிங்க், மேல கிளிட்டர் வேற. வைடூரியம் பிங்க்கா இருந்து நீங்க எந்த ஊர்ல பாத்தீங்க? எங்க ஊரு நகைக்கடையில நவரத்தின மோதிரம் காட்டச் சொன்னா சின்னப் புள்ளையும் சொல்லிடும், தேன் கலர்ல லேசா பச்சை ஓடும், நடுவுல பூனைக்கண்ணு மாதிரி ஒரு வெளிச்சக் கோடு, கல்லைத் திருப்பினா அந்தக் கோடும் கூடவே நகரும். அதைக்கூட எப்படி கொண்டு வரணும்னு நானே ஃபார்ம்ல எழுதியிருந்தேன், அடியில கரும்பச்சை, மேல மெல்லிசா தேன் கலர், நடுவுல பேர்ல் பவுடர்ல ஒரே ஒரு கோடு, கடைசியா கிளாஸ் வார்னிஷ்னு. ஸ்டேஜ் லைட்டு பட்டா சும்மா தகதகன்னு இருந்திருக்கும்.

கலரை விடுங்க. அது மான் குளம்பே இல்ல. மானுக்கு குளம்பு ரெண்டா பிளந்திருக்கும், பின்னாடி கொஞ்சம் மேல சின்னதா ரெண்டு விரல் இருக்கும். நீங்க அனுப்பினது ஒரே உருண்டை, குதிரைக் குளம்பு. உங்ககிட்ட பொய்க்கால் குதிரைக்கு செஞ்சது மிச்சம் இருந்துச்சா, அதுல பிங்க் அடிச்சு அனுப்பிட்டீங்களா, தெரியல. இத்தனை வருஷமா இதே தொழில் பண்றவங்களுக்கு மானுக்கும் குதிரைக்கும் வித்தியாசம் நான் சொல்லிக் கொடுக்கணுமா?

இப்போ அந்த ஃபோன் கால் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா எனக்கு பணத்தை விட அதுதான் இன்னும் நெஞ்சுல உறுத்திக்கிட்டே இருக்கு. உங்க கஸ்டமர் கேர்ல ஒரு தம்பி எடுத்தாரு. நான் மரியாதையாத்தான் ஆரம்பிச்சேன், தம்பி குளம்பு பிளந்து இருக்கணும்ப்பா, கலரும் இது இல்லன்னு. அவர் எடுத்த எடுப்புல, "மேடம் இது ஃபேன்டஸி மான்தானே, இல்லாத மானுக்கு ஏது கரெக்ட் கலர்"னாரு. நான் சரின்னு பொறுமையா, அப்படி இல்லப்பா, இந்த மானுக்கு நுனியில இருந்து வால் வரைக்கும் எழுதி வச்சிருக்கு, நானும் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன்னு சொல்றேன், பின்னாடி யாரோ சிரிக்கிறாங்க, இவரும் சிரிச்சிக்கிட்டே "அவ்ளோ பர்ஃபெக்டா வேணும்னா காட்டுக்குப் போயி நிஜ மான் கொம்பு எடுத்துக்கோங்க மேடம்"னு சொல்லி லைனை கட் பண்ணிட்டாரு. சார், 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. மான் தானா உதிர்த்துப் போட்ட கொம்பைக்கூட வாங்கக்கூடாது விக்கக்கூடாது. கம்பெனி ஸ்டாஃபே கஸ்டமரை அதுக்கு போகச் சொல்றாரு, அந்த காலை நீங்க ரெக்கார்ட் பண்ணியிருப்பீங்க, "டிரெயினிங் பர்பஸ்"னு ஆரம்பத்துலயே சொல்றீங்களே, முதல்ல அதைப் போட்டு அவருக்கு டிரெயினிங் கொடுங்க.

இல்லாத மானுக்கு ஏது கலராம்! நிஜ மான்னாதான் சார் எப்படி வேணும்னாலும் விட்டுடலாம், ஒரு மான் கொஞ்சம் கருப்பா இருக்கும் ஒண்ணு செம்பட்டையா இருக்கும், யாரும் கேக்க மாட்டாங்க. இந்த மானுக்கு கலரும் மினுமினுப்பும்தான் கதையே. சீதை அதைப் பாத்து ஆசைப்பட்டாத்தான் ராமர் பின்னாடி போவார், அவர் போனாத்தான் மிச்ச ராமாயணம். லட்சுமணன் ஒருத்தர்தான் இது பொய் மான்னு கண்டுபிடிச்சாரு, உங்க செட்டைப் போட்டா கடலை விக்கிறவர்ல இருந்து கண்டுபிடிச்சிடுவாரு.

கொம்பு கதைக்கு வர்றேன். உங்க பேஜ்ல "ஃபைபர், வெயிட்லெஸ்"னு போட்டிருக்கு. வந்தது ஃபைபரே இல்ல. கிட்ட வச்சுப் பாத்தா மேலேர்ந்து கீழ வரைக்கும் முடி மாதிரி வரி வரியா தெரியுது, என் அக்கா பையன் மெக்கானிக்கல் படிக்கிறான், பாத்த உடனே "சித்தி இது த்ரீடி பிரிண்ட், பிஎல்ஏ பிளாஸ்டிக், தேய்க்கக்கூட இல்ல, அப்படியே ஸ்பிரே அடிச்சிருக்காங்க"ன்னான். பிஎல்ஏ 60 டிகிரி கிட்ட போனாலே இளகிடுமாம். நீங்க செய்யறவங்க, உங்களுக்குத் தெரியாதா? ராமநவமி என்ன மார்கழியிலயா வருது? ரிகர்சலுக்கு கோயில் வாசல்ல வேனை நிறுத்தி, கொம்பை பின்சீட்டு மேல கண்ணாடி ஓரமா வச்சிருந்தோம், சாப்பிட்டு வந்து பாத்தா வலது கொம்பு வாடின முருங்கைக்காய் கணக்கா தொங்குது. நிமிர்த்தலாம்னு பிடிச்சா அடிக்கிளை கையோட வந்துடுச்சு.

வலது கொம்புன்னு சொல்றேன், அதுவும் தப்பு. நீங்க அனுப்பினது ரெண்டுமே இடது கொம்பு! ஒரே ஃபைலை ரெண்டு தடவை பிரிண்ட் போட்டிருக்கீங்க, மிரர் பண்ணவே இல்ல. புள்ளிமானுக்கு ஒரு பக்கத்துக்கு மூணு முனை, நெத்திக்கு மேல முன்னாடி நீட்டிக்கிட்டு ஒண்ணு, உச்சியில கவட்டையா ரெண்டு, ரெண்டு கொம்பும் யாழ் மாதிரி வெளிய வளைஞ்சு எதிரெதிரா நிக்கணும். இதை தலையில கட்டினா ரெண்டும் ஒரே பக்கம் காத்தடிச்ச மாதிரி சாஞ்சு நிக்குது. புள்ளைக்கு தலை சுத்துற மாதிரி இருக்குன்னு சொல்லுது, பாக்கிற எனக்கே சுத்துது.

இதைச் சொன்னதுக்கு உங்க இன்னொரு மேடம் (அவங்க பாவம் கொஞ்சம் தன்மையாத்தான் பேசினாங்க, அவங்களை நான் குறை சொல்லல) "ஸ்டாக்ல ட்விஸ்ட் மாடல் இருக்கு, அதை எக்ஸ்சேஞ்ச்ல தரட்டுமா"ன்னு ஃபோட்டோ அனுப்பினாங்க. பாத்தா வெளிமான் கொம்பு. முறுக்கா, கருப்பா, கிளையே இல்லாம. மேடம், வெள்ளிப் புள்ளி உள்ள மான் கேட்டிருக்கேன், அதனாலதான் புள்ளிமான் கொம்பு. வெளிமான் வேற ஜாதி, அதோட கொம்பு விழவே விழாது, புள்ளிமானுக்கு வருஷா வருஷம் விழுந்து புதுசா வெல்வெட் போத்திக்கிட்டு முளைக்கும். உங்க ஆபீஸ் சென்னையிலதானே இருக்கு, ஒரு நாள் டிசைன் டீமை கிண்டி பூங்காவுக்கு கூட்டிட்டுப் போங்க, புள்ளிமான் வெளிமான் ரெண்டுமே அங்க மேயுது.

அம்பத்தூர்ல இருக்கிற உங்க இடத்துக்கு வந்த விஷயத்தை எழுத மறந்துட்டேன் பாருங்க. "பீஸை நேர்ல கொண்டு வாங்க, அன்னிக்கே மாத்தித் தர்றோம்"னு உங்க நம்பர்ல இருந்துதான் மெசேஜ் வந்துச்சு, ஸ்கிரீன்ஷாட் இருக்கு. கிளாஸுக்கு லீவு விட்டுட்டு, கொம்பு ரெண்டையும் பெட்ஷீட்ல சுத்தி மடியில வச்சுக்கிட்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் அதைப் பாத்துட்டு "என்னம்மா மான் கொம்பா, ஃபாரஸ்ட்காரன் புடிச்சா நான் பொறுப்பில்ல"ன்னு பஸ்ஸே கேக்கிற மாதிரி சொல்றாரு, கிளாம்பாக்கம் வர்ற வரைக்கும் ஆளாளுக்கு தொட்டுப் பாக்கிறாங்க. அங்கேர்ந்து இன்னும் பஸ் மாறி, எஸ்டேட்ல நடந்து கண்டுபிடிச்சு போனா, வாட்ச்மேன் ஐயா "இங்க பேக்கிங் மட்டும்தாம்மா, செய்யற இடம் வேற, இன்னிக்கு அங்கயும் லீவு"ங்கிறாரு. அந்த வெயில்ல அவர்தான் தண்ணி கொடுத்தாரு, உங்க கம்பெனியில எனக்கு நல்லது பண்ண ஒரே ஆள் அவர்தான். உங்களுக்கு ஃபோன் போட்டா "அது ஆட்டோமேட்டிக் மெசேஜ் மேடம்". ஆட்டோமேட்டிக்கா பஸ் சார்ஜ் தருவீங்களா?

காதைப் பத்தி ஒரே வரி. நீலம் கேட்டேன், பிரவுன் வந்துச்சு, உள்ள குட்டி மணி தைச்சு பிச்ச நூல் அப்படியே தொங்குது, கிறிஸ்துமஸ் கலைமான் ஹேர்பேண்டுன்னு பாத்தாலே தெரியுது.

வேற வழியில்லாம எங்க டெய்லர் அண்ணன் கொம்புக்குள்ள கம்பி வச்சுக் கட்டி, நிகழ்ச்சியை எப்படியோ நடத்தினோம். அப்போதான் கொம்புல நீங்க அடிச்ச தங்கக் கலர் வேலையைக் காட்டுச்சு. மேல கிளியர் கோட் ஒண்ணு அடிச்சிருந்தா ஒட்டியிருந்திருக்கும், நீங்க அடிக்கல. புள்ளைக்கு வேர்க்க வேர்க்க கோல்டு பவுடர் நெத்தியில இறங்கி, பித்தளைப் பவுடர்தானே அது, பச்சைப் பச்சையா கோடு விழுந்துடுச்சு, ராத்திரியெல்லாம் அரிப்பு. ஏழாவது படிக்கிற புள்ளைங்க, நாளைக்கு ஏதாவது ஆகியிருந்தா யார் பதில் சொல்றது? குளம்புல இருக்கிற ஃபோம் வளையுற சரக்கு, அதுக்கு ஹீட் காட்டி சீல் பண்ணி, வளைஞ்சா வெடிக்காத பேஸ் கோட் அடிச்சுட்டுத்தான் பெயின்ட் அடிக்கணும்னு எங்க ஊரு பெயின்ட் கடைக்காரரே சொல்றாரு. நீங்க நேரா அடிச்சதுல, மாயமானா வர்ற மாரீசன் முதல் தாவு தாவினதும் பிங்க் பொட்டு பொட்டா மேடை முழுக்க உதிர்ந்துச்சு, பின்னாடியே ஓடி வந்த ராமர் அதுல வழுக்கப் பாத்தான். முன்வரிசையில ஒருத்தர் "மான் சுண்ணாம்பு உதிர்க்குது"ன்னாரு, கோயிலே சிரிச்சுது. சீதையா நின்ன பொண்ணு ஆசையா பாக்க வேண்டிய இடத்துல அதுவும் சிரிச்சிடுச்சு.

நான் இந்த ஊர்ல கட்டிக் காத்த மானம் மரியாதை எல்லாம் ஒரே சாயந்திரத்துல போச்சு. அடுத்த மாசம் அட்மிஷன், ஒரு புள்ளை வருமான்னு தெரியல. கணக்கு போட்டா 5 லட்ச ரூபா நஷ்டம் எனக்கு, குறைச்சு சொல்றேன்.

சரி. நான் சண்டைக்காரி இல்ல. உங்க ஆளுங்களும் சம்பளத்துக்கு வேலை பாக்கிறவங்கதான், வீட்டுல ஆயிரம் கஷ்டம் இருக்கும், புரியுது. நான் கேக்கிறது 9,600 ரூபா திரும்ப வேணும், அம்பத்தூர் போக வர ஆன செலவு வேணும், அந்த தம்பி எனக்கு ஃபோன் பண்ணி ஒரு வார்த்தை சாரி சொல்லணும். மாத்து பீஸ் வேண்டவே வேண்டாம், நீங்க அடுத்து அனுப்புறது ஒட்டகக் குளம்பா இருக்கும்.

"கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது"ன்னு மறுபடியும் அந்த ரூல்ஸை ஒட்டி அனுப்பாதீங்க. நான் கேட்ட மாதிரி செஞ்சாத்தான் அது கஸ்டம் ஆர்டர். 2020 இ-காமர்ஸ் விதிகள்ல புகார் வந்தா 48 மணி நேரத்துல கிடைச்சதுன்னு ஒப்புக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும்னு இருக்கு, அதுக்குன்னு ஒரு குறைதீர்ப்பு அதிகாரி பேர் உங்க சைட்ல இருக்கணும், நான் தேடிப் பாத்துட்டேன், இல்ல. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு ஃபோன் போட்டு எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் இருக்கிற ஊர்லயே, விழுப்புரம் நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடலாம், நான் கட்டின தொகைக்கு ஃபீஸே கிடையாது, வக்கீலும் தேவையில்ல. நீங்கதான் அம்பத்தூர்ல இருந்து பஸ் புடிச்சு வரணும். எக்ஸிபிட்டுக்கு ரெண்டு இடது கொம்பையும் மேஜை மேல வைப்பேன், பிங்க் குளம்போட. அப்படி ஒரு நிலைமை வேண்டாம்னுதான் இன்னமும் உங்களுக்கு எழுதிக்கிட்டிருக்கேன், நல்லபடியா முடிச்சுக் கொடுங்க, நாளைக்கு நானே நாலு பேருக்கு உங்க பேரைச் சொல்வேன்.

ஃபோட்டோ, வீடியோ, சாட், புள்ளையோட நெத்தி ஃபோட்டோ, டாக்டர் சீட்டு எல்லாம் இதோட இணைச்சிருக்கேன். பிக்கப்புக்கு ஆள் அனுப்பினா பழைய சைஸைவிட பெரிய பெட்டியா கொண்டு வரச் சொல்லுங்க, வளைஞ்ச கொம்பு இப்போ உங்க பெட்டிக்குள்ள போகல.

இப்படிக்கு,
உங்க பெரிய செட்டு வாங்கின விழுப்புரம் டான்ஸ் டீச்சர்